பார்வதி கொடுத்த போத்தல்

வியாழன்.

கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் பார்வதி, ஆற்றில் மீன் சாவதைப் பார்த்துவிட்டு, எங்கள் கழிவுநீரைச் சோதனைக்குக் கொடுக்க இரண்டு போத்தலில் பிடித்தாள். ஒன்றை என் மோட்டார் சைக்கிள் கூடையில் ஒளித்து வைத்தேன்.

கேண்டீனில் நாலு பேர் சிரிக்கட்டும் என்று, "என்னா பார்வதி, அந்தக் கால்வா தண்ணியில சிராப் கலக்கிக் குடிக்கப் போறியா லா?" என்று கத்தினேன். பக்கத்து மேசையில் சூப்பர்வைசர் இருந்ததைக் கவனிக்கவில்லை. அவர் பார்வதியின் பையைத் திறக்கச் சொல்லி, அதிலிருந்த போத்தலைப் பிடுங்கிக்கொண்டார். இனி வேலை உண்டா என்று நாளை சொல்வார்களாம்.

என் பெயரை அவள் சொல்லவில்லை. வாசலில், "ஒங்க வாய மூடவே முடியாதாண்ணே? இருக்கிற போத்தலாச்சும் பத்திரம்," என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், பாக்கார் ஆராங் பகுதி வருவதற்குள் பயந்துபோய் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். காலையில் கேட்பாள். குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். சீ.