கார்சைட் வீட்டுப் பரண்

மார்ச் 3, திங்கள்
என் அறையைக் கூடுதல் வாடகைக்கு வேறொருவனுக்கு விடப்போகிறாராம் வீட்டுக்காரர் கார்சைட். நான் கூரைக்கடியில் இருக்கும் பரணுக்கு ஏற வேண்டும். இல்லாவிட்டால் வெளியே. இந்த ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் எனக்காக யார் அறையைத் திறந்து வைத்திருக்கிறார்கள்?
"ஜன்னல் வச்சுத் தர்றேன் கண்ணு. மலையெல்லாம் தெரியும். ஹோட்டல் மாதிரி."

மார்ச் 4
ஏறிப் பார்த்தேன். வரிசையாக முக்கோணச் சட்டங்கள், நடுவே சாய்வுக் கட்டைகள். கட்டில் போட இடமில்லை. அந்தக் கட்டைகளை அறுத்துவிடுவாராம்! கூரையையே அவைதானே பிடித்திருக்கின்றன? அடிக்கட்டைகள் கீழ் அறையின் உட்கூரைப் பூச்சைத் தாங்க மட்டும் போட்டவை, மெல்லிசு. மரக்கடையில் வேலை பார்க்கிறேன், இதுகூடத் தெரியாதா எனக்கு?
"சுவத்துக்குச் சுவர் உத்தரம் போடணும் சார். தரை அதுமேல நிக்கணும். அப்புறம்தான் ரம்பம்."
"இருபது வருஷமா பெட்டியெல்லாம் தாங்குதும்மா. யானையே நிக்கும்."
யானை நிற்கட்டும். நான் மாட்டேன்.

மார்ச் 8, சனி
அடிக்கட்டைகள் மேலேயே பலகை பரப்பிவிட்டார். திங்கட்கிழமை அறுப்பு.
பரணுக்கு நேர்கீழே யார் தூங்குகிறார்? கார்சைட். இத்தனை நாள் இது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

மார்ச் 9, ஞாயிறு
அவர் படுக்கையில் டீயும் பேப்பருமாகச் சாயும் நேரம் பார்த்து, ஸ்கிப்பிங் கயிற்றோடு மேலே போனேன். கொஞ்சம்தான் குதித்தேன்.
"டாம்சின்! என்ன பண்ற அங்க? விளக்கு ஆடுது!"
"உடற்பயிற்சி சார். யானையே நிக்கும்னீங்களே?"
"டீயில சுண்ணாம்பு விழுதும்மா!"
"கட்டைய இன்னும் அறுக்கவே இல்ல சார். அறுத்தா சுண்ணாம்பு விழாது, நான் விழுவேன். உங்க மேல."
கீழே கட்டில் கிரீச்சிட்டது, அவர் துள்ளி எழுந்திருக்கிறார்.
"எறங்கி வா கண்ணு. மெதுவா... மெதுவான்னு சொல்றேன்ல!"

மார்ச் 10
ரம்பம் வரவில்லை. இன்ஜினியர் வந்தார். என் உயிருக்கு வராத இன்ஜினியர் அவர் டீக்கு வந்தார்!

ஏப்ரல் 11, வெள்ளி
உத்தரங்கள் ஏறிவிட்டன, எங்கள் கடையிலிருந்துதான். புதுத் தரை பழைய பூச்சைத் தொடவே இல்லை. இடையில் விரலை விட்டுப் பார்த்தேன், நுழைகிறது. கூரைக்குப் புது முட்டு கொடுத்த பிறகே சாய்வுக் கட்டைகளை அறுத்தார்கள்.

மே 17, சனி
ஜன்னல் வந்தது. மலை நிஜமாகவே தெரிகிறது. கார்சைட் அதன்முன் ரொம்ப நேரம் நின்றார்.
"இது எனக்கே இருக்கட்டும் கண்ணு. நீ கீழ என் ரூமை எடுத்துக்க."
இடிந்து விழும் என்றால் எனக்கு. மலை தெரியும் என்றால் அவருக்கு. வாய்வரைக்கும் வந்தது. அவருடைய பெரிய அறையை நினைத்து விழுங்கிவிட்டேன்.

மே 18
அவர் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். மேலே தொம், தொம், தொம். ஸ்கிப்பிங் கயிற்றை அவருக்காக அங்கேயே விட்டு வந்திருக்கிறேன்.
விளக்கு அசையவில்லை.