முனியாண்டிக்குக் காய்ச்சிய ஸ்பிரிட்

இன்று காலை புதிதாக வந்த டிரம்மின் மூடியைத் திறந்தேன். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை அப்புறம்தான்.

பழைய ரசாயனங்களைக் காய்ச்சிப் பிரிக்கும் இதே ஜொகூர் பாரு தொழிற்சாலையில்தான் நாம் ஒன்றாக ஷிப்ட் பார்த்தோம். தண்ணீர் அவ்வளவு சின்ன மூலக்கூறாக இருந்தும் ஏன் நூறு டிகிரி வரை அடம்பிடிக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுவோம். “கைகோத்து நிக்கிறவனப் பிரிக்க சூடு அதிகமா வேணும்லா” என்பாய். அசிட்டோனில் அந்தப் பிடி இல்லை, சீக்கிரம் கிளம்பிவிடும். மெத்தனால் எத்தனாலைவிடச் சின்னது, முன்னால் கொதிக்கும். எல்லாம் சரிதான்.

அதை நம்பித்தான் சிகாமட் பக்கத்தில் உங்கள் தோட்டத்து முனியாண்டி படையலுக்கு இங்கிருந்து, எத்தனாலோடு கண்ணையும் உயிரையும் பறிக்கும் மெத்தனாலும் கலந்த ஸ்பிரிட்டை எடுத்துப் போனாய். வழக்கமாகச் சம்சுச் சாராயம் காய்ச்சித் தருகிறவன் போலீசில் பிடிபட்டிருந்தான். சாராயம் இல்லாமல் முனியாண்டிக்குப் படையலா?

“மெத்தனால் முதல்ல பறந்துரும்டா. மிச்சம் நல்ல சரக்கு” என்று போனில் சிரித்தாய்.

“ரெண்டும் ஒண்ணையொண்ணு புடிச்சிக்கிட்டுக் கெடக்கும்டா, முழுசா விடாது. அதுக்குத்தானே நம்ம காய்ச்சிப் பிரிக்கிற டவர் அவ்ளோ ஒசரம்?” என்று கத்தினேன்.

“அலமாக், ரொம்ப பயப்படுற” என்று வைத்துவிட்டாய். அந்த டவரை ஓட்டியவனே நீதான். மறுபடி மறுபடி ஆவியாகிக் குளிர்ந்தால்தான் அவை பிரியும் என்பது, அடுப்பில் பானையை ஏற்றியதும் உனக்கு எப்படி மறந்து தொலைந்தது?

படையல் முடிந்ததும், “நான் காய்ச்சினது, முதல்ல நான்தான்” என்று குடித்தாயாம். குடித்துவிட்டாயே என்ற ஆத்திரத்தில் உன் மனைவி மிச்சத்தை மண்ணில் கொட்டினாள். அதனால் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் என் கையைத் தடவிப் பிடித்து, “லைட்டப் போடுடா” என்றாய். ஜன்னலில் வெயில் எரிந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டாய்.

போன வாரம் உன் திதிக்குப் போயிருந்தேன். ஊர் உன்னைக் குடிகாரன் என்கிறது. உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“எல்லாம் தெரிஞ்ச மனுசன்தானேண்ணே, இது தெரியாதா அவருக்கு?”

“தெரியும்மா” என்றேன். அவளிடம் சொல்லாததைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் நீ பயந்திருப்பாய். பயந்திருந்தால் இருந்திருப்பாயடா.