மாமாவிடம் சேர்ந்த சொல்

அம்மா,

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அந்தப் பால்மா டின் வெறுமையாக நிற்கிறது. மாமா கழுவித்தான் தந்துவிட்டார். ஆனாலும் மூடியைத் திறந்தால் நீங்கள் வறுத்து அரைக்கும் மிளகாய்த்தூளின் வாசம் அப்படியே எழுகிறது. நான் பொஸ்டனிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வரத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் எழுந்து நின்று கதைக்கப் பயந்ததும் ஒரு காரணம் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். நீங்கள் ஏசவில்லை. "பேஸ்போலில மூண்டாவது பிழைக்குத்தான் வெளியில அனுப்புவினம். உனக்கு இது முதலாவது" என்றீர்கள். மொன்றியலுக்கு வந்த புதிதில், தையல் தொழிற்சாலை ரேடியோவில் பிரெஞ்சையும் பேஸ்போலையும் சேர்த்தே படித்தவர் நீங்கள். இந்த நகரத்து அணி வேறு ஊருக்குப் போன பிறகு, மாமாவின் பொஸ்டன் அணியை உங்களுடையதாக்கிக்கொண்டீர்கள்.

உங்கள் கடைசி வாரத்தில் ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்தீர்கள். "என்ர தம்பிக்குச் சொல்லு. அவனுக்கு இன்னும் விசா சரிவரேல்ல. இங்க வந்தால் திரும்பிப் போக விடமாட்டாங்கள். என்ர செத்தவீட்டுக்கு அவன் வராட்டி எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை." நான் ஓம் என்றேன்.

நீங்கள் சொன்னபடியே மாமாவால் வர முடியவில்லை. "அக்காவின்ர பெட்டி மூடேக்க வராதவன்" என்று அப்பா அவரோடு கதைப்பதை விட்டார். மாமா எனக்கு ஃபோன் எடுக்கும்போதெல்லாம், "சுகம் மாமா, வைக்கிறன்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. உங்கள் சொல்லை ஒரு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

இந்தக் கோடையில் மாமா டிக்கெட் அனுப்பினார். எனக்குப் பதினேழு வயது என்பதால் அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அப்பா கையெழுத்து வைத்துவிட்டு, "நான் சுகம் கேட்டனெண்டு ஒண்டும் சொல்லிப்போடாத" என்றார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று நான் தூள் வறுத்தேன். நீங்கள் எப்போதும் போட்டு வைக்கும் அதே பால்மா டின்னில் அடைத்துக் கைப்பையில் வைத்தேன்.

அது எவ்வளவு பிழை என்று விமான நிலையத்தில்தான் தெரிந்தது. சோதனை மேசையில் இருந்த பெண் டின்னைத் தூக்கி, படத்தில் சிரித்த குழந்தையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள். "குழந்தை எங்கே?" என்றாள் ஆங்கிலத்தில். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் எனக்காகக் கதைத்திருப்பீர்கள். அவள் மூடியைத் திறந்து முகர்ந்து, நான்கு தரம் தும்மினாள். "குழந்தை இல்லை. என் மாமாவுக்கு. அவருக்கு ஐம்பது வயது" என்றேன். பக்கத்து மேசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பரிசோதித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

"ஒருக்காப் பறந்து போவம்" என்று பொஸ்டனுக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் சொல்வீர்களே, அது ஒரு மணித்தியாலம்தான் அம்மா. ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது.

மாமா வீட்டில் இரண்டு நாள் உங்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ரயிலில் கிழவர்கள் முதல் கைக்குழந்தைகள் வரை ஒரே தொப்பி. ஒருவன் பந்தை மதிலுக்கு வெளியே அடித்தபோது சனம் முழுவதும் எழுந்து கத்தியது. பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்காத சத்தம். இதற்குள் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னேன்.

"என்னடி சொன்னனீ?" மாமா காதைக் கொண்டுவந்தார்.

"அம்மாவுக்கு உங்களில ஒரு மனவருத்தமும் இல்லையாம்!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். அதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடலை உடைத்துக்கொண்டிருந்த ஒருவர் கையை அப்படியே நிறுத்தினார்.

மாமா தொப்பியை முகத்தில் இழுத்துக்கொண்டார். "எப்ப சொன்னவ?"

"சாகிறதுக்கு முதல். நான்தான் பிந்திட்டன்."

"ஒரு வருசமோ? இதை வாய்க்குள்ள வச்சுக்கொண்டு எப்பிடியடி சோறு திண்டனீ?" அழுதுகொண்டே சிரித்தார். பிறகு, "கொப்பருக்கு ஃபோன் எடு" என்றார். அப்பாவின் குரல் கேட்டதும் ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் நீட்டினேன்.

"அத்தான்..." என்றதோடு மாமாவின் குரல் நின்றுவிட்டது. அப்பா ஃபோனை வைத்துவிடுவார் என்று பயந்தேன். கடைசியில், "என்ன சத்தம் அங்க? ஆர் வெல்லுறது?" என்றார்.

"நாங்கள்தான் அத்தான்."

உண்மையில் நாங்கள் நான்கு ஓட்டம் பின்னால் நின்றோம்.

இங்கே ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில், இதுவரை பின்னால் இருந்து நல்ல தக்காளி பொறுக்குவதுதான் என் வேலை. நேற்று, முன்னால் நிற்கட்டுமா என்று கடைக்காரியிடம் நானாகக் கேட்டேன். "கூவி விற்கவேண்டும், உன்னால் முடியுமா?" என்றாள். முடியும் என்றேன். ஒரு வரிசையையே திரும்பிப் பார்க்க வைத்த குரல் என்னிடம் இருக்கிறது, அம்மா. சனிக்கிழமை தொடங்குகிறேன்.