லென்ஸுக்குள் ஒரு காடு

பாப்பாவின் அம்மாவுக்கு,

இன்று கடையில் ஒரு பழைய கேமரா லென்ஸைக் கழற்றி, பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். உள்ளே பூஞ்சை, வேரும் கிளையுமாக வெள்ளிக் காடுபோலப் படர்ந்திருந்தது. மண்ணில்லாமல் காற்றின் ஈரத்தைக் குடித்தே வளர்ந்திருக்கிறது. துடைக்கக் கை வரவில்லை.

"என்னடா, சாமி கும்பிடுறியா? தொடச்சு, ஈரம் படாத பெட்டியில வை" என்றார் முதலாளி.

"நீங்க குடுத்த ரூமும் ஈரம்தான் சார். என் பிள்ளைக்கும் ஒரு பெட்டி குடுங்களேன்."

"லென்ஸ் போனா வேற கிடைக்காதுடா" என்று சிரித்தார்.

அறைக்கு வந்து, பாப்பா இங்கிருந்தபோது படுத்த இடத்துச் சுவரிலும் டார்ச் அடித்தேன். அதே காடு, கூரைவரை. அவ்வளவு அழகை இவ்வளவு பயத்தோடு நான் பார்த்ததில்லை.

இருமல் குறைந்ததும் ஊரிலிருந்து அவளைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அறையைக் காலி செய்துவிட்டு நானே அங்கு வருகிறேன். வேலையும் போகும், போகட்டும்.

உன் வீட்டுக்காரன்