நீமாவுக்கு மூசா சொன்னது

1988 ஜனவரி 19, ராஜபாளையம்

மில்லில் இன்றும் நான்தான் இடைப்பேச்சுக்காரன். நூற்பு கற்றுக்கொள்ள அவரவர் அரசாங்கம் அனுப்பிவைத்த இருவர். மூசா மாலி நாட்டுக்காரன். பிரெஞ்சு பேசுவான், ஆங்கிலம் சுத்தமாக வராது. ஸ்பின்னிங்கில் நம் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழைப் பிடித்துக்கொண்டான். நீமா தான்சானியாக்காரி. என்னோடு லேபில் நூல் சோதிக்கிறாள். ஆங்கிலம் உண்டு, தமிழ் இல்லை. ஒரே கண்டத்தில் பிறந்த இருவர் பேசிக்கொள்ள இந்தச் சௌந்தரபாண்டியன் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கிறேன். அவள் பக்கத்தில் நிற்க ஒரு சாக்கு.

ஜனவரி 27

நூல் அறுந்தால் நீமா ‘ச்சு’ என்று பல்லிடுக்கில் ஒரு சத்தம் போடுவாள். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 7

ஞாயிறு. மூவரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மடவார் வளாகத்தில் கோயிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது மூசா என்னிடம் சொன்னான்: “அண்ணே, அவகிட்டச் சொல்லுங்க. எங்க ஊர்ல ஆறு ரொம்பப் பெரிசு. சாயங்காலம் அதைப் பார்க்கையில பக்கத்துல அவ இருக்கணும்.”

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல நீமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் அது என் பேச்சு. முடித்ததும் மூசா பக்கம் திரும்பிவிட்டாள்.

பிப்ரவரி 23

தமிழ் சொல்லிக் கொடு என்று நீமாவே கேட்டாள்! தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான், அவள் — வேறு யாரும் இல்லை.

மார்ச் 4

“‘கோபமா?’ என்று எப்படிக் கேட்பது? ‘உன்னை நினைத்தேன்’ என்று எப்படிச் சொல்வது?” யாரிடம் சொல்ல என்று நான் நீமாவைக் கேட்கவில்லை. கேட்பானேன்?

ஏப்ரல் 20

நீமாவின் அப்பா மில் ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினார். மூசாவைப் பற்றி இவளே எழுதியிருக்கிறாள். அவன் மொழி நமக்குத் தெரியாது, முறை தெரியாது, சனம் தெரியாது, வேண்டாம் என்றாராம். லேபில் அழுதாள். “அப்பாவுக்கு மாலியும் ஒன்றுதான், ராஜபாளையமும் ஒன்றுதான்.”

அப்போ ராஜபாளையத்துக்கு என்ன கொறச்சல்? கேட்க வாய்வரைக்கும் வந்தது. ஏன் கேக்கல? கேட்டு என்ன ஆவப்போகுது? அவ அழுறது எனக்காகவா?

ஏப்ரல் 24

பேசி முடிக்கலாம் என்று நீமா என்னை மூசாவின் அறைக்கு அழைத்துப் போனாள். அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். “அவ அப்பா வேண்டாம்னா நான் போறேன், அண்ணே. சொல்லுங்க.”

நான் வாயைத் திறக்குமுன் நீமா கத்தினாள். “போலே! போ!” அந்த ‘லே’ நான் சொல்லிக் கொடுத்ததில்லை, மில் பொம்பளைகள் உபயம். பிறகு உடைந்த தமிழில், “நீ போ. பின்னாடி நானும் வாரேன். அப்பா கோபம். பரவாயில்ல. வாரேன்.”

மூசா என்னைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

மே 15

பெட்டி கட்டியவன் அவளுக்காக மூன்று வாரம் இருந்தான். இன்று இருவரும் சேர்ந்தே மதராஸ் பஸ் ஏறிவிட்டார்கள்.

மே 16

லேபில் யாரும் இல்லை.

1992 ஆகஸ்ட் 11

தெருமுனையில் குருசாமி மளிகைக் கடைக்குப் போன் வந்தது. மாலியில் பாமகோ நகரத்திலிருந்து நீமா. “அண்ணே, சொகமா?” அவள் அப்பா இப்போதுதான் வந்து பேரனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனாராம். வீட்டில் மூசாவின் மொழி பேசுகிறாளாம், சண்டை வந்தால் மட்டும் தமிழ். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது யார் போனில் என்று செல்லக்கனி கேட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. மில்லில் கூட இருந்தவர்கள், புருஷன் பெண்டாட்டி என்றேன்.

“உங்களுக்கு மனசு ரெண்டு பேரையும் தேடுதா, அந்த அக்காவை மட்டுமா?”

நான் சோற்றைப் பிசைந்தேன். பொறவு அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.