மூணாவது டிக்

ஜூலை 7, திங்கள்
காலைலேர்ந்து தூறல். முட்டி வலி. பேத்தி பெங்களூர் ரயிலுக்கு ஓடறதுக்கு முன்னாடி போன்ல மைக் போட்டுக் குடுத்தா. நான் பேசுவேன், அது எழுதிக்கும். எனக்கு எழுத்து தெரியாது. நல்லதுதான். திட்டினது திட்டினபடியே கெடக்கும்.

சோறு துன்னும்போது மவன் சேகர், "நைனா, கேஜ் மாத்திட்டேன்" ன்றான். இருபத்தாறு வருஷம் சுரங்கத்துக்குள்ள மரம் முட்டு குடுத்தவன் நான். கேஜ்னா எனக்கு ஷாஃப்ட் குழிக்குள்ள ஆளை எறக்கற கூண்டு. "எந்த ஷாஃப்ட்லடா?"ன்னு கேட்டுட்டேன். மருமக சிரிப்பை அடக்கிக்கினு உள்ள போயிட்டா.

அவன் சொன்னது நம்ம படம் ஃபிரேம் போடற கடைல, ரம்பம் மெஷின்ல கட்டையைச் சாய்ச்சு அறுக்கற கேஜ். பழசு நான் வாங்கினது, மைன் மூடின வருஷம். மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கல.

ஜூலை 8
கொஞ்சம் வெயில். புதுசைப் பாத்தேன். பளபளன்னு அலுமினியம். எறும்பு எறும்பா நம்பர். ஆபரேஷன் பண்ண கண்ணுக்கும் தெரியல. திருப்பினா டிக், டிக்னு ஒவ்வொரு கோணத்துலயும் நிக்குது.

"பழசுல இன்னாடா கொறை?"

"ஃபிரேம் மூலை சேரல நைனா. நீ மரத்தூளும் கோந்தும் வெச்சு அடைக்கிற. காஞ்சா உதிருது. எல்லாரும் எங்கிட்டதான் கேக்கறாங்க."

எவன் கேட்டான்? எந்த வீட்டுச் செவுத்துல எந்தப் படம், ஃபிரேம் இன்னா மரம், இப்பவும் வரிசையா சொல்லுவேன்.

"நம்பர் பாத்து வை. தெரியலன்னா கூப்புடு."

"போடா."

ஜூலை 10, வியாழன்
சேகர் கண்ணாடி வாங்க பங்காருபேட்டை போயிட்டான். சர்ச் ஆர்டர். சிலுவைப் பாதை படம், பதினாலு. நானே புதுசுல அறுத்துட்டேன். பழசுல மூணாவது டிக்தான் மூலைக்கு வேண்டிய நாப்பத்தஞ்சு டிகிரி. எனக்குக் காதுதான் கண்ணு. ஷாஃப்ட்ல மணி எத்தனைன்னு எண்ணித்தான் ஏறினோம், எறங்கினோம். ஒரு நாளும் எண்ணிக்கை தப்பல.

மூணு டிக். அம்பத்தாறு கட்டை. தேக்கு. கை நடுங்கல. ரெண்டைச் சேத்து வெச்சுக்கூடப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்?

ஜூலை 11
ஒரு மூலையும் சேரல. வாயைப் பொளந்துக்கினு நிக்குது. புதுசுல நடுவுல ஒரு டிக் அதிகமாம். என் மூணாவது டிக் முப்பதாம். திருப்பி அறுத்தா உள்ளளவு போயிடும், கண்ணாடி உக்காராது.

சேகர் கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன்.

ஃபாதர் போன் பண்ணாரு. இவன் வாசல்ல நின்னுக்கினு: "இல்ல ஃபாதர், மெஷின் புதுசு, என் தப்புதான்... நைனாவா? இல்லீங்க. அவரு இனிமே மெஷின்ல நிக்கமாட்டாரு."

ஃபாதர் கிட்ட சொல்றான். எங்கிட்ட சொல்லல.

ஜூலை 13, ஞாயிறு
காத்து. மழை இல்ல. வேற மரம் வாங்கி அவனே அறுத்துட்டான். மருமக: "மாமா, உப்புத்தாள் தேய்க்கறீங்களா? உக்காந்துக்கினே செய்யலாம்."

மொத ஃபிரேம் என் மடியில. தூள் இல்ல, அடைப்பு இல்ல. சேகர் குளிக்கப் போனான். காலண்டர் தாளைக் கிழிச்சு, இடுக்கு இருக்கான்னு மூலைல சொருகினேன். போகல. நாலையும் பாத்தேன். ஒண்ணுலயாவது போயிருக்கலாம்.