செல்வி அசையவில்லை

தை மாதம், செவ்வாய்க்கிழமை. மன்னவனூர்.

கேமரா வாங்கி ஒரு மாதமாகிறது. ஒரு படம்கூடத் தெளிவாக வரவில்லை. ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். கேமராவை உருளைக்கிழங்கு மூட்டைமேல் வைத்தும் எடுத்தேன். அப்போதும் என் மனைவி செல்வி மங்கலாகத்தான் விழுந்தாள். "நீதான் ஆடுற" என்று தினமும் அவளையே குறை சொன்னேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

இன்று காலை லென்ஸை வெயிலில் திருப்பிப் பார்த்தால், கண்ணாடி முழுக்க மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். துணியில் அடுப்புப் புகை வாடை. கேமராவை எங்கே எடுத்து வைக்கிறாய் என்று அவளைக் கேட்டேன்.

"அடுப்புக்கு மேல பரண்ல, பூண்டோடதாங்க. பனிக்கு லென்ஸுல பூசணம் பிடிச்சுரும்னு நீங்கதான சொன்னீங்க. புகையில பூண்டு கெடாமத்தான கெடக்கு?"

கேமரா வாங்கிய வாரமே லென்ஸ் மூடியைத் தொலைத்தவன் நான். "சரி, வந்து நில்லு" என்று மட்டும் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்து நின்றாள்.

படம் பளிச்சென்று வந்திருக்கிறது. காதோர நரை, மூக்குத்திக் கல், கன்னத்தில் ஒட்டிய பூண்டுத் தோல் எல்லாம் தெரிகிறது. இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். உதட்டை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறாள். இன்று நான் சொல்லவே இல்லை. அவளாகவே மூச்சை அடக்கியிருக்கிறாள்.